கழற்றும் முன் கோடு போடுங்கள்: கிளீட் தேர்வும் மாற்றும் முறையும்

பாளையங்கோட்டையில் எங்களோடு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்ட வருகிறவர்களில் யாராவது ஒருவர் அவ்வப்போது ஷூவையும், ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட் என்ற துண்டில் புதுசு ஒன்றையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். "அண்ணாச்சி, பழசக் கழத்திட்டேன். புதுச மாட்ட வேண்டியதுதான் பாக்கி" என்பார். பாதி வேலை முடிந்தது என்று அவர் நினைப்பார். வேலையின் பாதியைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பழைய கிளீட் ஷூவில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருந்தது என்ற தடயம் போய்விட்டதே!

கிளீட் மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் வரிசை மாறினால் அடுத்த மூன்று வாரம் முழங்காலைத் தடவிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதனால் கீழே உள்ளதை வரிசையாகவே செய்யுங்கள்.

1. பெடலைப் பாருங்கள், ஷூவை அல்ல

கிளிப்லெஸ் (கிளிப் இல்லாத) பெடல் என்று பெயர் இருந்தாலும் ஷூவைக் கவ்விப் பிடிப்பதுதான் அதன் வேலை. ஷூவின் அடியில் திருகியிருக்கும் சிறு துண்டுதான் கிளீட். அது பெடலின் வாய்க்குப் பொருந்த வேண்டும்.

ஷூவைக் கவிழ்த்தால் துளைகள் தெரியும். இரண்டு போல்ட் என்றால் பெரும்பாலும் ஷிமானோ கம்பெனியின் எஸ்பிடி வகை: சின்ன இரும்புக் கிளீட், அடிப்பாகத்துக்குள் பதுங்கி இருக்கும், நடக்கலாம். மூன்று போல்ட் என்றால் ரோடு சைக்கிளுக்கான பெரிய பிளாஸ்டிக் கிளீட். இந்த மூன்று போல்ட்டில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல், லுக் கம்பெனியின் கியோ இரண்டுக்குமே ஷூவில் அதே மூன்று துளைதான். ஷூ இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், பெடல் ஏற்காது.

நிறத்தை நம்பியும் வாங்காதீர்கள். ஷிமானோவின் சிவப்புக் கிளீட்டில் குதிங்கால் துளிகூட ஆடாது. லுக் கியோவின் சிவப்பில் 9 டிகிரி ஆடும். நிறம் ஒன்று, குணம் நேர் எதிர். எங்களில் ஒருவர் "சிவப்புதானே" என்று இணையத்தில் ஆர்டர் போட்டு, பிரித்துவிட்ட பாக்கெட்டைத் திருப்பி அனுப்பவும் முடியாமல் இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறார். பெடலின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அதன்படி வாங்குங்கள்.

இன்னொன்று. புதுப் பெடல் வாங்கும்போது பெரும்பாலும் அட்டைப்பெட்டியிலேயே ஒரு ஜோடி கிளீட் வரும். பெட்டியைத் தூக்கிப் போடும் முன் கையை விட்டுத் தேடுங்கள். நம் ஊர் சைக்கிள் கடைகளில் கிளீட் எப்போதும் இருப்பு இருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

2. எந்தக் கிளீட்

குதிங்கால் இடம் வலமாக எவ்வளவு ஆடினாலும் பெடல் விடாமல் பிடித்திருக்கும் என்ற அளவை ப்ளோட் என்பார்கள். நான் ஆட்டம் என்றே சொல்கிறேன். ஷிமானோ ரோடு கிளீட்டில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு 0. லுக் கியோவில் சிவப்பு 9, சாம்பல் 4.5, கருப்பு 0. புதியவர்கள் ஆட்டம் உள்ளதையே வாங்குங்கள். கிளீட்டைக் கொஞ்சம் கோணலாக மாட்டியிருந்தாலும் ஆட்டம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆட்டமே இல்லாத கிளீட்டில் அந்தக் கோணல் முழுவதும் மூட்டில்தான் போய் விழும்.

எஸ்பிடியில் இரண்டு வகை. எஸ்எச் 51 குதிங்காலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். எஸ்எச் 56 திருப்பினாலும் விடும், பல திசைகளில் சாய்த்து இழுத்தாலும் விடும். முதல் மாதத்துக்கு 56 நல்லது. பதற்றத்தில் காலை மேலே இழுப்பதுதான் மனித சுபாவம், அதற்கு அது இடம் கொடுக்கும். பழகிய பின் 51க்கு மாறிவிடுங்கள். எழுந்து நின்று மேட்டில் மிதிக்கும்போது 56 எதிர்பாராமல் கழன்று, பெடல் கெண்டைக்காலைச் சிராய்த்துவிட்டுப் போகும்.

கிராங்க் பிரதர்ஸ் கம்பெனிப் பெடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: அந்தப் பித்தளைக் கிளீட்டை இடது வலது மாற்றி மாட்டினால் கழலும் கோணம் மாறிவிடும், கூடவே வந்த தாளைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

என்னைக் கேட்டால் நம் பக்கத்துக்கு இரண்டு போல்ட் எஸ்பிடியே சரி. காலையில் கிளம்பினால் சேரன்மகாதேவியில் டீ, அம்பாசமுத்திரத்தில் இட்லி, பாபநாசத்தில் படித்துறை என்று பத்துத் தடவையாவது இறங்கி நடக்கிறோம். கருங்கல் படியில் பிளாஸ்டிக் கிளீட்டோடு நடப்பது, சோப்புக் கட்டியைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. கிளீட்டும் தேயும், ஆளும் வழுக்குவார்.

3. மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா

கிலோமீட்டர் கணக்கு எதையும் நான் சொல்ல மாட்டேன். சாலையைவிட நடைதான் கிளீட்டைத் தின்கிறது. திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் இறங்கி நடந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

பிளாஸ்டிக் கிளீட்டில் மூக்கைப் பாருங்கள். பெடலுக்குள் நுழையும் அந்த முன்பக்க நுனி மெலிந்து கூர்மையாகியிருந்தால், அல்லது ஓரத்தில் உள்ள நிற ரப்பர் தேய்ந்து அடியில் வேறு நிறம் தெரிந்தால், மாற்றிவிடுங்கள். எஸ்பிடி இரும்பில் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது, காலுக்குத் தெரியும். முன்பைவிடக் கூடுதலாக ஆடுகிறது, மாட்டும்போது கேட்கும் டக் சத்தம் மழுங்கிவிட்டது, மேட்டில் தானாக விடுகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

சிக்னலில் எந்தக் காலை ஊன்றுகிறீர்களோ அந்தக் கிளீட் முதலில் தேயும். நம்மில் அநேகருக்கு அது இடது கால். அதற்காக இடதை மட்டும் மாற்றாதீர்கள். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் இரண்டு காலும் இரண்டு விதமாகக் கழலும்.

4. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

4 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி), அதுவும் முனை மழுங்காதது. மழுங்கிய கீதான் போல்ட் தலையைக் கெடுக்கிற முதல் குற்றவாளி. நூறு ரூபாயைப் பார்த்துப் பழைய கீயையே போட்டால் பிறகு லேத் பட்டறைக்குப் போக வேண்டி வரும்.

அப்புறம் ஒரு ஊக்கு, பழைய பல் பிரஷ், துணி, கொஞ்சம் கிரீஸ், துருப்பிடித்த போல்ட்டுக்கு ஊற்றும் எண்ணெய், பெயின்ட் மார்க்கர், மறைப்பு டேப். கருப்பு அடிப்பாகத்தில் பால்பாயிண்ட் தெரியாது, வெள்ளை மார்க்கர் வேண்டும். பெடலின் பிடியைச் சரிசெய்யப் பெரும்பாலான எஸ்பிடி பெடலுக்கு 3 மில்லிமீட்டர் ஆலன் கீ.

5. கழற்றும் முன் கோடு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஷூவின் அடியை ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தில் மார்க்கர் ஒட்டாது. பிறகு பழைய கிளீட்டின் வெளி ஓரத்தைச் சுற்றிலும் கோடு இழுங்கள். முன்னும் பின்னும் மட்டும் போதாது, பக்கவாட்டுக் கோடுதான் சாய்வைக் காட்டும். கோடு போட்டு முடித்ததும் ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் போனில் நேராக மேலிருந்து ஒரு படம். கோடு அழிந்துவிட்டால் படம் இருக்கிறது.

இரண்டு ஷூவையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். இடையில் குழப்பம் வந்தால் கழற்றாத ஷூ சாட்சியாக இருக்கும்.

பழைய இடமே வலி கொடுத்துக்கொண்டிருந்தது என்றாலும் கோடு போடுங்கள். எங்கிருந்து எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை நகர்த்த முடியும்.

6. போல்ட்டைக் கழற்றுதல்

முதலில் ஊக்கால் போல்ட் தலைக்குள் இருக்கும் அழுக்கைத் தோண்டி எடுங்கள். மானூர்ப் பக்கக் கரிசல் மண்ணில் மழை நாளில் கால் வைத்திருந்தால் அது சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊறவைத்துத் தோண்டுங்கள். கீ அடிவரை இறங்க வேண்டும். பாதி இறங்கிய கீயைத் திருகினால் அறுகோணம் வட்டமாகிவிடும். நான் பார்த்த கெட்டுப்போன போல்ட்டுகளில் பெரும்பாலானவை இப்படிக் கெட்டவைதான்.

ஷூவை மடியில் வைத்துக்கொண்டு திருகாதீர்கள். தரையில் கவிழ்த்து, உள்ளே ஒரு கட்டையோ சுருட்டிய துண்டோ திணித்து, கீயை மேலிருந்து அழுத்திக்கொண்டே இடது பக்கம் திருப்புங்கள். அசையவில்லையா? எண்ணெய் விட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். உவரிக் கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்களின் போல்ட்டில் உப்புக்காற்றுத் துரு இருக்கும், ஒரு ராத்திரி போதாமலும் போகும்.

தலை வட்டமாகிவிட்டது என்றால் வரிசையாக முயலுங்கள். டி25 என்ற நட்சத்திர முனையைச் சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே இறக்கித் திருகுங்கள். அநேகமாக வந்துவிடும். வரவில்லை என்றால் ஹாக்சா பிளேடால் தலையின் குறுக்கே ஒரு பள்ளம் அறுத்து, தட்டை ஸ்க்ரூடிரைவரால் திருகுங்கள். அதுவும் முடியாவிட்டால் லேத் பட்டறை. தலையைத் துளையிட்டு எடுத்ததும் கிளீட் தனியே வந்துவிடும், மிச்சமிருக்கும் தண்டைக் குறடால் பிடித்துத் திருப்பலாம். பட்டறைக்காரரிடம் "உள்ளே இருக்கிற தகட்டைத் துளைச்சிராதீங்க அண்ணாச்சி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. தகட்டையும் மரையையும் பாருங்கள்

எஸ்பிடி ஷூவின் இன்சோலைத் தூக்கினால், போல்ட் ஏறும் இரும்புத் தகடு இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்துப் போடாதீர்கள். ஐப்பசி மழையில் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் ஏறாமல் தடுப்பது அதுதான். கிழிந்திருந்தால் அகலமான டேப் ஒன்றை ஒட்டுங்கள்.

மரையைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, புதுப் போல்ட்டைக் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். விரலால் மூன்று சுற்றாவது போக வேண்டும். போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது அல்லது மரை கெட்டிருக்கிறது. பெரும்பாலான தகடுகளில் இரண்டு ஜோடித் துளை இருக்கும். ஒரு ஜோடி கெட்டால் தகட்டைச் சற்று நகர்த்தி அடுத்த ஜோடியைப் பயன்படுத்தலாம்.

புது ஷூ என்றால் துளைகளை ஒரு ரப்பர்த் துண்டு மூடியிருக்கலாம். சிலவற்றில் அது திருகில் கழலும், சிலவற்றில் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். குறித்திருக்கும் தடத்திலேயே அறுங்கள்.

8. இடம் குறித்தல்

கோடு இருக்கிறது, பழைய இடத்தில் வலியும் இல்லை என்றால் இந்தப் பகுதி வேண்டாம். கோட்டுக்குள் புதுக் கிளீட்டை வைத்து அடுத்ததற்குப் போங்கள். புது ஷூ வாங்கியவர்களும் கோடு போடாமல் கழற்றியவர்களும் உட்காருங்கள்.

முன் பின்: ஷூவைப் போட்டு நாடாவைக் கட்டிக்கொண்டு, கால் கட்டைவிரலின் அடி மூட்டை ஷூவின் மேலிருந்து விரலால் அழுத்தித் தேடுங்கள். உள்பக்கம் புடைத்து நிற்கும் எலும்பு. அதன் நேரே ஷூவின் பக்கத்தில் டேப் ஒட்டிக் குறியுங்கள். வெளிப்பக்கம் சுண்டுவிரலின் அடி மூட்டுக்கும் அதேபோல் ஒரு குறி. அது சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இரண்டு குறிக்கும் நடுவில் பெடலின் அச்சு வரட்டும். எஸ்பிடியில் இரண்டு போல்ட்டுக்கும் இடையே உள்ள மையம்தான் அச்சு. ரோடு கிளீட்டில் பக்கத்தில் சிறு கோடு ஒன்று பொறித்திருக்கும். புதியவர்கள் செய்யும் தவறு, கிளீட்டை விரல் பக்கமாகத் தள்ளி வைப்பது. அப்படி வைத்தால் கெண்டைச் சதை சீக்கிரம் களைக்கும், முன்பாதம் மரத்துப்போகும்.

இங்கே தலைகீழ்க் கணக்கு ஒன்று இருக்கிறது. கிளீட்டைப் பின்னால் நகர்த்தினால் கால் முன்னால் போகும். கிளீட்டைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்தினால் கால் கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கையை) விட்டு வெளியே போகும். கிளீட் பெடலில் நிலையாக நிற்கிறது, நகர்வது கால்தான். இதை மறந்து எதிர்ப்பக்கம் நகர்த்தி, "சரி பண்ணப் பண்ண மோசமாகுது அண்ணாச்சி" என்று வந்தவர்கள் உண்டு.

சாய்வு: மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். யோசிக்காமல் விடுங்கள். பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் உங்கள் கால். நேராக முன்னே பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் வலது கால் வெளியே பார்க்கும், இடது நேராகப் பார்க்கும், இரண்டு கிளீட்டும் ஒரே மாதிரி இருக்காது. இயல்பான அந்த நிலை ஆட்டத்தின் நடுவில் வருமாறு கிளீட்டைத் திருப்பி வையுங்கள்.

பக்கவாட்டு இடத்துக்கு ஆரம்பத்தில் நடுவே போதும். மிதிக்கும்போது குதிங்கால் கிராங்கில் உரசினால் மட்டும் தொடுங்கள்.

9. இறுக்குதல்

மரையில் பட்டும் படாமலும் கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை ஹாக்சா எடுக்காமல் இருக்க இதுதான் வழி. எஸ்பிடி கிளீட்டின் கூர்மையான முனை விரல் பக்கம் பார்க்கட்டும். சிரிக்காதீர்கள், திருப்பி மாட்டிவிட்டு "பெடல் ரிப்பேர்" என்று வந்தவரும் இருக்கிறார்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். பிறகு மாறி மாறி, ஒவ்வொன்றாகக் கால்வாசிச் சுற்று. ஒரு போல்ட்டை மட்டும் முழுக்க இறுக்கினால் கிளீட் அதைச் சுற்றித் திரும்பி, பட்டபாடெல்லாம் வீண்.

தேவையான இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையா? ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் போல்ட்டில் வைத்து, ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள கையின் நுனியை ஏழெட்டுக் கிலோ எடை தூக்கும் அளவு விசையால் அழுத்தினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். மூச்சைப் பிடித்து முக்க வேண்டாம்.

தளர்வாக விட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு உடம்பிலேயே எழுதியிருக்கிறது. ஒரு போல்ட் வழியில் விழுந்துவிட்டது, எனக்குத் தெரியாது. சேரன்மகாதேவியில் டீக்கடை முன் நின்று குதிங்காலைத் திருப்பினேன். ஷூ திரும்பியது, கிளீட் திரும்பவில்லை. மிச்சமிருந்த ஒற்றைப் போல்ட்டை அச்சாக்கிக்கொண்டு ஷூ மட்டும் சுற்றுகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறு பேர் பார்க்க, மரம் சாய்வதுபோல் மெதுவாகச் சாய்ந்தேன். உங்களுக்கு அப்படி நேர்ந்தால், எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, நாடாவை அவிழ்த்து ஷூவை விட்டுக் காலை மட்டும் உருவுங்கள். ஷூ பெடலிலேயே தொங்கட்டும்.

10. பெடலின் பிடியைத் தளர்த்துதல்

புதுக் கிளீட் பழசைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் ஓட்டும் முன் பெடலின் பின்னால் உள்ள சிறு திருகை இடது பக்கம் திருப்பித் தளர்த்துங்கள். கழன்று வரும்வரை திருப்பிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் மாட்டும் எஸ்பிடி பெடலில் பக்கத்துக்கு ஒன்று, ஆக ஒரு ஜோடியில் நான்கு திருகு. ஒரு முகத்தை மட்டும் தளர்த்திவிட்டு மறுமுகத்தில் மாட்டிக்கொண்டு விழுவது வழக்கமான காட்சி. டக் டக் என்ற படிகளை எண்ணி நான்கிலும் ஒரே அளவு வையுங்கள்.

11. சுவரோரம், பிறகு தெரு, பிறகு ரோடு

சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். ஒவ்வொரு காலையும் இருபது முறை மாட்டிக் கழற்றுங்கள். மாட்டிய நிலையில் குதிங்காலை இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். இரு பக்கமும் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சட்டென்று முட்டினால் சாய்வு தவறு, இறங்கிச் சரிசெய்யுங்கள்.

பிறகு வீட்டைச் சுற்றி அரை மணி நேரம். 4 மில்லிமீட்டர் கீ பையில் இருக்கட்டும். வண்ணார்பேட்டைப் போக்குவரத்தில் பழகப் போகாதீர்கள். நிற்கப் போகிறோம் என்று தெரிந்த உடனே, சைக்கிள் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே காலைக் கழற்றிவிடுங்கள். நின்ற பிறகு கழற்ற நினைப்பவர்தான் விழுகிறார். ஊர் முகப்பு வேகத்தடை, ரயில்வே கேட், ஆட்டுமந்தை, தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் திருச்செந்தூர் ரோட்டில் பாதயாத்திரைக் கூட்டம், இவை கண்ணில் பட்டதுமே ஒரு கால் வெளியே வந்துவிட வேண்டும்.

திரும்பி வந்ததும் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் கிளீட்டின் பற்கள் ஷூவின் அடியில் பதிந்து, போல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

12. வலி வந்தால்

முழங்காலின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் முதல் சந்தேகம் கிளீட்டின் சாய்வு. முன்பக்கம், சில்லுக்கு மேல் வலித்தால் கிளீட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். சீட் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பாதம் எரிந்தாலோ மரத்தாலோ கிளீட்டைச் சற்றுப் பின்னால் கொண்டுபோங்கள். நிறையப் பின்னால் போனால் சீட்டையும் சிறிது இறக்க வேண்டிவரும்.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், அதுவும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று ஓட்டம் பார்த்துவிட்டு அடுத்தது. இடத்தையும் சாய்வையும் சீட்டையும் ஒரே சாயங்காலம் மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாது. பத்து நாளாகியும் வலி இறங்கவில்லை என்றால் ஆலன் கீயைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கழற்றிய பழைய கிளீட்டின் போல்ட்டில் நல்லதாக இரண்டைப் பொறுக்கித் துடைத்துச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டு வையுங்கள். சேரன்மகாதேவி டீக்கடையில் அன்று என்னிடம் இல்லாமல் போனது அதுதான்.